முகவரிப் பகிர்வாளர்

தன் குடும்பத்தில் தான் இல்லை என்ற செய்தி வந்தபோது கனகராஜ் தன் வீட்டுக் கட்டிலில்தான் படுத்திருந்தான். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிய நேரம். தலைமாட்டில் போன் அதிர்ந்தது.

"இல்லத் துணைத்தொகை: மறுகணிப்பு முடிந்தது. இல்லத்தின் பெரியவர்: கோகிலா. சார்ந்திருப்பவர்: தர்ஷிகா. முகவரிப் பகிர்வாளர்: கனகராஜ். தனிப் பெற்றோருக்கான கூடுதல் சலுகைகள் இம்மாதம் முதல் அனுமதிக்கப்படுகின்றன."

ஏமாற்றுக்காரர்கள் அனுப்பும் செய்தி என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அதில் எந்த இணைப்பும் இல்லை, யாரும் எதையும் அழுத்தச் சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்தான். கதவுக்கு மேலே, கரண்ட் மீட்டரை ஒட்டி, சோப்புப் பெட்டி அளவில் வெள்ளையாக ஒன்று இருந்தது. அது எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை.

திருப்பூரின் ஓரத்தில், சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் கனகராஜ் ஆபரேட்டர். பல வருடங்களாக இரவு ஷிப்ட். மனைவி கோகிலா பனியன் கம்பெனியில் செக்கிங். மகள் தர்ஷிகா பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அவன் உள்ளே வரும்போது அவர்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் திரும்பும்போது அவன் கிளம்பிக்கொண்டிருப்பான். கணவன் மனைவிக்குள் சண்டை என்று எதுவும் இருந்ததில்லை. சண்டை போடுவதற்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கோகிலா வந்தபோது அவன் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, ஷிப்ட் இல்லீங்களா?"

போனை நீட்டினான். அவள் வாங்கிப் படித்தாள். முகத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. டிபன் பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் காத்தால வந்துச்சு."

"முகவரிப் பகிர்வாளர்னா என்ன அர்த்தம்?"

"கூடத் தங்கியிருக்கறவங்கன்னு அர்த்தமாட்ட இருக்குது."

"வாடகைக்கு இருக்கறவனையும் இப்படித்தான் போடுவாங்களா?"

கோகிலா டிபன் பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்தாள். அவன் கதவுக்கு மேலே கை காட்டினான்.

"அந்தப் பொட்டி எப்ப மாட்டுனது?"

"தை மாசம். கவர்மெண்ட் துணைத்தொகைக்கு எழுதிக் கொடுத்தவங்க எல்லாத்து ஊட்லயும் மாட்டுனாங்க. உங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தான் மாட்டுனன். 'ம்'னீங்க."

அவன் அந்த 'ம்'மை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். சொல்லியிருப்பான். அவள் சொல்லும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிவந்தான்.

மறுநாள் தூங்காமல் நல உதவி மையத்துக்குப் போனான். அங்கே கணிப்புப் பிரிவில் ஜெசிந்தா என்ற பெண் அதிகாரி இருந்தாள். முப்பது வயது இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். எதிரே வந்து நிற்கிற எல்லோரும் கோபமாகத்தான் வருவார்கள் என்பது அவளுக்குப் பழகியிருந்தது.

"உக்காருங்க சார்."

"மேடம், நான் அந்த வீட்லதானுங்க இருக்கறன். ரேஷன் கார்டுல என்ற பேரு இருக்குது. கரண்ட் பில்லு என்ற பேர்ல வருது."

"கார்டைப் பாத்து எழுதுற காலம் போயிட்டுது சார். சலுகைக்காகப் புருசனும் பொண்டாட்டியும் தனித்தனியா கார்டு வாங்குனாங்க. சேர்ந்தே இல்லாதவங்க சேர்ந்திருக்கோம்னு எழுதிக் குடுத்தாங்க. அதனால இப்ப மனுசங்கள்ட்ட கேக்கதில்ல. வீட்டக் கேக்கோம்."

"கேமராவா?"

"கேமரா கெடையாது. பேச்சையும் பதியாது. சுவிட்சு, குழாய், கதவு, அடுப்பு, நடமாட்டம், அவ்வளவுதான். அதுல இருந்தே யாரோட கை எதுன்னு அதுக்குத் தெரிஞ்சிடும்." கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "பாருங்க. இதுதான் உங்க வீடு."

திரையில் மூன்று கோடுகள் ஓடின. மேலே இரண்டு, ஒன்றையொன்று தொட்டும் விலகியும் வளைந்து போயின. ஒன்று தாழ்ந்தால் மற்றது ஏறியது. மூன்றாவது கோடு கீழே, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் போயிற்று.

"இது நானுங்களா?"

"ஆமா சார்." ஓரிடத்தில் விரலை வைத்தாள். "பங்குனியில உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சோ?"

"டெங்கு."

"இங்க பாருங்க. அவங்க ரெண்டு பேரு கோடும் அப்படியே கலைஞ்சு கெடக்கு. அடுப்பு, தண்ணி, லைட்டு, எல்லாம் நேரம் மாறியிருக்கு. உங்களோடது மாறல."

அவன் பார்த்தான். மாறவில்லை.

"ஒரு வீட்ல இருக்கவங்க ஒருத்தருக்காக ஒருத்தர் கொஞ்சம் வளைவாங்க சார். ஒருத்தர் தூங்குனா இன்னொருத்தர் மிக்சியத் தள்ளிப்போடுவாங்க. பரீச்சைன்னா டிவிய அணைப்பாங்க. அதத்தான் இது பாக்கு."

"நான் பகல்ல தூங்கறப்ப அவிய சத்தமே போட மாட்டாங்களே?"

"அதுவும் பதிவாகியிருக்கு. அவங்க வளைஞ்சிருக்காங்க. ஆனா வாடகைக்கு இருக்கவருக்கும் வீட்டுக்காரங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போவாங்க சார். ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் குடும்பம்னு எடுத்துக்கும்."

மகளுக்குக் காய்ச்சல் என்று தெரியும். ஒருநாள் காலையில் 'எப்படி இருக்குது' என்று கேட்டதும் நினைவிருந்தது. அதற்கு என்ன பதில் வந்தது என்பது நினைவில்லை.

"இதை நான் ஒத்துக்க மாட்டனுங்க. மறுப்பு எழுதிக் கொடுக்கறன்."

"குடுக்கலாம். ஆனா வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க. உங்க பேரு உள்ள வந்தா தனிப் பெற்றோர் சலுகை போயிடும்."

அவன் யாரையும் கேட்கவில்லை. அங்கேயே கைரேகை வைத்துவிட்டு வந்தான்.

கோகிலா அதைக் கேட்டதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தனிப் பெத்தவங்க பிள்ளைன்னா காலேஜ் பீஸ் கட்ட வேண்டியதில்லீங்க. தர்ஷிகாவை இந்த வருசம் நிறுத்திப்போடலாம்னு இருந்தன். எங்க கம்பெனியிலயே ஆள் கேட்டாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருக்கறப்பத்தான் இது வந்துச்சு."

"அதுக்காக நான் குடும்பத்துலயே இல்லைன்னு சொன்னா?"

"நான் அப்படி எழுதிக் கொடுக்கலீங்க. மூணு பேரும் ஒண்ணா இருக்கறோம்னு எழுதியிருந்தாலும் அது நம்பியிருக்காது. அதுவாப் பார்த்துச் சொல்லுச்சு." குரலை உயர்த்தாமலே கேட்டாள். "பொய்யா சொல்லுச்சு?"

கனகராஜ் மறுநாளே போய் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். ஜெசிந்தா காரணம் கேட்கவில்லை. "ஆறு மாசத்துக்கு ஒருக்க மறுகணிப்பு வரும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டான். பொட்டிக்குத் தெரிகிற மாதிரி எதுவும் நடந்துவிடக்கூடாது. இத்தனை நாள் யோசிக்காமல் இருந்ததை இனி யோசித்து இருக்க வேண்டும். அது ஒன்றும் பெரிய கஷ்டமாக இருக்காது என்று நினைத்தான்.

காலையில் நேராக வீட்டுக்குப் போகாமல், முக்கிலிருந்த பேக்கரியில் டீ வாங்கிக்கொண்டு நின்றான். கோகிலா படி இறங்கித் தெருவைக் கடப்பது தெரிந்த பிறகே மேலே ஏறினான். அவள் சில நாட்கள் முன்னதாகப் போனாள், சில நாட்கள் தாமதமானாள். கம்பெனியில் ஷிப்மெண்ட் இருந்தால் முன்னதாக. முதல்நாள் ஓவர்டைம் பார்த்திருந்தால் தாமதம். ஒரு மாதத்தில் அவளுடைய கம்பெனியில் எப்போது லோடு போகிறது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அவள் வந்ததும் வெந்நீர் வைத்துக் காலை அதில் விட்டுக்கொண்டு உட்காருவாள். அடைத்த கதவுக்குப் பின்னால் படுத்திருந்தபடி, அந்தச் சத்தத்தில்தான் இதைக் கண்டுபிடித்தான். இவ்வளவு வருடமாக அந்த நேரத்தில்தான் அவன் வெளியே வந்து, டிவியைப் போட்டு, டீ கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவள் எழுந்து அடுப்படிக்குப் போகும்வரை அறையை விட்டு வரவில்லை. தர்ஷிகா சத்தம் போட்டுப் படிப்பவள் என்றும் தெரிந்தது. வார விடுமுறையில் அவள் கூடத்தில் படித்தால் அவன் மொட்டை மாடிக்குப் போனான். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ஸ்பேனரை எடுத்தவன், பொட்டி எழுதிக்கொள்ளும் என்று திரும்ப வைத்தான்.

ஒரு மத்தியானம் அடுப்படியில் அழுகைச் சத்தம் கேட்டது. தர்ஷிகா காலேஜிலிருந்து பாதியில் வந்திருந்தாள். கனகராஜ் எழுந்து கதவுவரை வந்தான். தாழ்ப்பாளில் கை வைத்தான். அப்படியே நின்றான். அவள் மூக்கைச் சிந்தி, முகம் கழுவி, மறுபடியும் அழுதாள். அவன் கையை எடுத்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பினான். அன்று அவன் தூங்கவில்லை. தூங்காதது பொட்டிக்குத் தெரியாமல் இருக்க, அசையாமல் கிடந்தான்.

சாயங்காலம், போன வழியைப் போனும் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுச் சீக்கிரமாகக் கிளம்பி, கோகிலாவின் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் போய் நின்றான். ஷிப்ட் விட்டு வந்த பெண்களுக்கு நடுவில் அவள் அவனைப் பார்த்துவிட்டு, பயந்துபோய் ஓடிவந்தாள்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. உட்காரு. டீ சொல்லட்டுமா?"

"எதுக்கு வந்தீங்க?"

"இங்க பொட்டி இல்லை, அதுதான். பாப்பா மத்தியானம் அழுதுட்டிருந்தா. என்னன்னு கேளு. நான் கேட்க முடியலை."

கோகிலா அவனையே பார்த்தாள். "பாப்பா பாதியில வந்ததே எனக்குத் தெரியாது."

"ரெண்டு நாளா சத்தம் போட்டுப் படிக்கறதுமில்லை. லீவு அன்னிக்கு ராத்திரி பார்த்தன், நீயும் சரியாத் தூங்கறதில்லை. இருமிட்டே இருக்கறயே, டாக்டர்கிட்டப் போனியா?"

அவள் டீயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரன் சில்லறை கேட்டு இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் கனகராஜ் திரும்பினான்.

தர்ஷிகா அழுதது செய்முறைத் தேர்வில் தவறியதற்காக. மறுதேர்வில் தேறினாள். அதைக் கோகிலா அவனிடம் சொன்னதும் அந்தப் பேக்கரியில்தான். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று சாயங்காலம் அங்கே உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. எதிரே வந்தால் அவன் சுவரோரம் ஒதுங்கினான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடந்து போனாள்.

ஐப்பசி மழையில் மறுகணிப்பு வந்தது.

"இல்லத்தின் பெரியவர்கள்: கோகிலா, கனகராஜ். தனிப் பெற்றோருக்கான சலுகைகள் நிறுத்தப்படுகின்றன."

இரண்டு பேரும் நனைந்துகொண்டே மையத்துக்குப் போனார்கள். கனகராஜ் உட்காராமலே பேச ஆரம்பித்தான்.

"மேடம், நான் ஒண்ணுமே பண்ணலீங்க. வீட்டுக்குள்ள பேசறதுகூட இல்லை. ஒரு குழாயைத் தொடலை. அவிய இருக்கற பக்கமே போகலை. வேணும்னா இவளைக் கேளுங்க."

"தெரியும் சார். பாத்தேன்." ஜெசிந்தா திரையைத் திருப்பினாள்.

மூன்று கோடுகள். கீழே இருந்த கோட்டில் ஸ்கேலின் நேர் இல்லை. மேலே இரண்டும் எங்கெல்லாம் திரும்பினவோ, அங்கெல்லாம் அது விலகியிருந்தது. அவை முன்னதாக நகர்ந்தால் முன்னதாக விலகியது. தாமதித்தால் காத்திருந்தது. ஒரு மத்தியானத்தில் மட்டும் கதவுவரை வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது.

"நீங்க ஒதுங்கித்தான் இருந்திருக்கீங்க. ஒதுங்கணும்னா அவங்க எங்க இருக்காங்க, எப்ப வருவாங்கன்னு தெரிஞ்சிருக்கணும்லா? அதுவும் வளையறதுதான் சார். கிட்ட வர்றதுக்கும் எட்டப் போறதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "எங்க வீட்ல மாட்டுனாக்கூட இவ்வளவு வராது."

கோகிலா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கோட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை, கம்பெனியில் துணியைப் பார்ப்பதுபோல், ஒரு இடமும் விடாமல் பார்த்தாள்.

"இதுக்கு என்ன வழிங்க மேடம்?" என்று கனகராஜ் கேட்டான்.

"அவங்க மறுப்பு குடுக்கலாம். இவர் எங்க குடும்பத்துல இல்லன்னு. ஆனா நீங்க அந்த முகவரியில இருக்கவரைக்கும் செல்லாது."

"அப்ப நான் ரூம் பார்த்துக்கறன். பிளாண்ட் பக்கத்துல லைன் வீடு இருக்குது."

ஜெசிந்தா கோகிலாவைப் பார்த்தாள். சட்டப்படி அவள்தான் சொல்ல வேண்டும். கோகிலா இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைன்னே போட்டுக்குங்க மேடம்" என்றாள். கைரேகை வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் தர்ஷிகா தாண்டவம் ஆடினாள். "உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமா? எனக்காக யாரும் எங்கயும் போக வேண்டாம். நான் கம்பெனிக்குப் போறேன்."

"போய் என்ன பண்ணுவ? என்னையாட்ட பனியன்ல ஓட்டை தேடீட்டு உட்கார்ந்திருப்பியா?" என்றாள் கோகிலா. "பேசாம அப்பாவோட துணியை மடி."

தர்ஷிகா அழுதுகொண்டே மடித்தாள். கனகராஜ் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். இனி பொட்டி எதை எழுதினாலும் கவலையில்லை என்பதால், கிளம்புவதற்கு முன் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினான்.

லைன் வீட்டில் ஒற்றை அறை. வீட்டுக்காரர் கரண்ட் மானியத்துக்காக எல்லா அறைகளிலும் பொட்டி மாட்டியிருந்தார். குடிவந்த மாதமே கனகராஜ் பகல் ஷிப்ட் கேட்டான். உடனே கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றியதில்லை. சாயங்காலம் பேக்கரியில் இப்போது மூன்று பேர் உட்கார்ந்தார்கள்; தர்ஷிகா காலேஜ் பஸ்ஸை அங்கேயே இறக்கிவிடச் சொல்லியிருந்தாள். இருட்டத் தொடங்கியதும் அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் பிரிந்தார்கள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா முகவரிச் சரிபார்ப்புக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே அறையைப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு ஸ்டவ், கொடியில் இரண்டு சட்டை. டேப்லெட்டில் குறித்துக்கொண்டாள்.

"டீ வைக்கட்டுங்களா மேடம்?"

"வேண்டாம் சார். ஒண்ணு கேக்கணும். நீங்களும் அவங்களும் போன்ல பேசிக்கிடுவீங்களா?"

"இல்லீங்களே. பதிவாயிரும்னு பேசறதில்லை. ஏனுங்க?"

அவள் டேப்லெட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள்.

"ரெண்டு வீட்டு விளக்கும் தினம் ஒரே நேரத்துல அணையுது. நாலு மாசமா. மெஷின் இணைப்பு சந்தேகம்னு எனக்கு அனுப்பியிருந்துச்சு. நான் தற்செயல்னு எழுதி மூடிட்டேன். ஒருக்கதான் அப்படி எழுத முடியும்."

அவன் கடிகாரத்தைப் பார்த்து அணைப்பதில்லை. இந்நேரம் அவள் பாத்திரம் கவிழ்த்துவிட்டுப் படுத்திருப்பாள் என்று ஒரு நேரத்தில் தோன்றும். தோன்றியதும் எழுந்து போய் அணைப்பான். அந்தப் பக்கம் அவளும் எதையோ நினைத்து எழுகிறாள் என்பதை அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

"கொஞ்சம் முன்னப் பின்ன அணைங்க சார்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா படி இறங்கினாள்.

மறுநாள் பேக்கரியில் அவன் இதைச் சொன்னபோது தர்ஷிகா டீயைக் கீழே வைத்துவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோகிலா டம்ளரை மேசைமேல் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப யாருங்க முதல்ல அணைக்கறது?"

"நீ அணைச்சிரு. காத்தால எந்திரிக்கணுமில்ல."

"நீங்க மட்டும் எந்திரிக்க வேண்டாமா? பகல் ஷிப்ட்டுத்தான உங்களுக்கும்? நீங்களே முதல்ல படுங்க."

"சொன்னாக் கேளு கோகிலா. இருமல் இன்னும் நிற்கலை உனக்கு."

"இதுல எல்லாம் உங்க இஷ்டத்துக்குத்தான் நான் ஆடணுமா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரல்கள் இறங்கவில்லை. தர்ஷிகா எழுந்து போய் இன்னும் மூன்று டீ சொன்னாள்.